பவானிக் காவிரியில் ஒரு முதிய மீன்பிடிப்பாளர்: இறங்கத்தக்க நீரும் இறங்கத்தகாத நீரும்

இந்த ஆய்வுக்குரியவர் 67 வயதுடைய ஜமக்காள நெசவாளர். பவானியில் காவிரிக் கரையை ஒட்டிய தெரு ஒன்றில் பிறந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குழித்தறி மிதித்து, பின்னர் தறியை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்தவர். மீன்பிடிப்பு அவருக்குத் தொழிலாக இருந்ததில்லை. ஆயினும் சிறுவயதில் தந்தையின் பின்னால் தூண்டிலோடு நடந்த காலத்திலிருந்தே, தறி ஓயும் நேரங்களையெல்லாம் அவர் ஆற்றுக்கே கொடுத்து வந்திருக்கிறார். ஊராட்சிக்கோட்டைக் கதவணைக்குக் கீழிருந்து, பவானியாறு காவிரியில் கலக்கும் கூடுதுறை வரையிலான நீர்ப்பரப்பில் எந்தப் பாறையின் மறைவில் எந்த மாதத்தில் எந்த மீன் நிற்கும் என்பதை, கேட்பவர் வியக்கும் நுணுக்கத்துடன் அவரால் சொல்ல முடியும். அவருடைய ஒப்புதலைப் பெற்றே இது எழுதப்படுகிறது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

முதியோர் நல மருத்துவத்தில் பணிபுரியும் எனக்கு, விழுந்து எலும்பு முறிந்து வருகிறவர்களைப் பார்ப்பது அன்றாட வேலை. அவர்களில் பெரும்பாலோர் குளியலறையிலோ வாசற்படியிலோ விழுந்தவர்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியவற்றை நாங்கள் நன்றாகவே அறிவோம்: வழுக்காத தரை, கைப்பிடிக் கம்பி, இரவு விளக்கு. ஆனால் தாம் விரும்பிய ஓர் ஆபத்தான காரியத்தைத் தெரிந்தே செய்யப் போய் விழுந்த ஒருவருக்கு என்ன சொல்வது என்பதில் மருத்துவர்களுக்கும் குடும்பத்தினருக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு விடைதான் இருக்கிறது; இனிமேல் போகாதீர்கள் என்பதே அது. அந்த விடை இந்த நெசவாளரின் நிலையில் பாதி சரியாகவும் பாதி கெடுதலாகவும் அமைந்தது. எந்தப் பாதி எது என்பதைப் பிரித்தறிவதே இந்த ஆய்வின் நோக்கம்.

நடந்தது

ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை, அக்காள் மகனுடன் அவர் ஆற்றுக்குச் சென்றார். டெல்டா பாசனத்துக்காக மேட்டூரிலிருந்து நீர் வந்துகொண்டிருந்த காலம் அது. புதுத்தண்ணீர் கலங்கலாகச் செம்மண் நிறத்தில் ஓடியது. வாளை மீன் இரையெடுக்கும் பருவம் அதுவே என்பது அவருடைய நெடுநாள் அனுபவம். கரையிலிருந்து ஏறத்தாழ நாற்பது மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு பாறைக்கு, தொடையளவுக்குச் சற்றுக் குறைவான நீரில் கையில் கோலோடு நடந்து போய் ஏறினார். இருபது வயதிலிருந்து அவர் ஏறி வந்த பாறை அது. உயிர்க்கெண்டையை முள்ளில் கோத்து, ஈயக்குண்டு கட்டிய தூண்டிலைப் பாறைக்கு அப்பாலுள்ள சுழலில் போட்டுவிட்டு அமர்ந்தார்.

ஒரு மணி நேரத்துக்குப் பின் கரையில் இருந்த இளைஞர், தாம் செருப்பை விட்டிருந்த கல்லை நீர் தொடுவதைக் கண்டு, "மாமா, தண்ணி ஏறுதுங்க, வந்துருங்க" என்று குரல் கொடுத்தார். அதே நேரத்தில் தூண்டிலில் ஒரு பெரிய மீன் இழுத்தது. "இதா வந்தர்றேன் மாப்ள" என்று பதில் சொன்னவர், மீனோடு மல்லுக்கட்டித் தூண்டில் நரம்பு அறுந்து போகும் வரை பாறையிலேயே நின்றார். அதற்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கலாம் என்பது இளைஞரின் கணிப்பு. திரும்பி இறங்கியபோது நீர் இடுப்பைத் தொட்டது. கரைக்குப் பாதி வழி வந்த நிலையில் இடது கால் நழுவியது; கோல் கையை விட்டுப் போனது. நீந்தத் தெரிந்தவர் என்றாலும் விழுந்தபோது வலது மணிக்கட்டு கல்லில் மோதி முறிந்துவிட்டதால், ஒரு கையை மட்டும் வீசியபடி கீழ்நோக்கி அடித்துச் செல்லப்பட்டு, ஒரு நாணல் திட்டைப் பற்றிக்கொண்டார். சற்றுக் கீழே வலை எடுத்துக்கொண்டிருந்த பரிசல்காரர் ஒருவர் வந்து அவரைத் தூக்கிக் கரை சேர்த்தார். அந்தப் பரிசல் அங்கே இருந்தது தற்செயல்தான். இந்த நிகழ்வைப் பற்றிய எந்த முடிவும் அந்தத் தற்செயலை மறந்துவிட்டு எடுக்கப்படக் கூடாது.

ஆற்றின் கணக்கு

மேட்டூருக்கும் பவானிக்கும் இடையே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என நான்கு கதவணைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நீர்மின் நிலையம் உண்டு. 1980களின் இறுதியில் இவை இயங்கத் தொடங்கிய பின்னர் இந்தப் பகுதியின் காவிரி தன் இயல்பை மாற்றிக்கொண்டது. முன்பு மேட்டூரின் வெளியேற்றமும் மழையும் மட்டுமே மட்டத்தைத் தீர்மானித்தன. இப்போது மேட்டூரில் திறப்பது கூடினாலும் மட்டம் மாறும், கதவணையில் மின்னாக்கிகள் ஓடத் தொடங்கினாலும் தேக்கத்தைச் சரிசெய்யக் கதவுகள் உயர்த்தப்பட்டாலும் மாறும். வானத்தில் மேகமே இல்லாத காலையிலும் கதவணைக்குக் கீழே தண்ணீர் ஏறக்கூடும். நம் நெசவாளர் ஆற்றைப் படித்தது கதவணைகள் வருவதற்கு முந்தைய காலத்தில் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளக் காலத்தைப் பற்றி இங்கே விரிவாகப் பேசத் தேவையில்லை. 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கனஅடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டு, பவானியிலும் குமாரபாளையத்திலும் தாழ்வான தெருக்களில் வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. அத்தகைய நாள்களில் ஒலிபெருக்கி அறிவிப்பு உண்டு, யாரும் இறங்குவதில்லை. ஆளை இழுத்துச் செல்லும் ஆபத்து அறிவிப்பே இல்லாத நாள்களில்தான் மிகுதியாக இருக்கிறது. பாசனத்துக்காகப் பத்தாயிரம் கனஅடி, அதாவது விநாடிக்கு 283 கனமீட்டர், ஓடும் ஆறு பார்வைக்குச் சாதுவாகத் தோன்றும். அது பன்னிரண்டாயிரமாகவோ பதினைந்தாயிரமாகவோ மாறுவது ஊருக்குச் செய்தியே ஆகாது. நடுவில் நிற்கும் மனிதருக்கு மட்டுமே அது செய்தி.

ஓடும் நீரில் மனிதர் நிலைகுலைவதை ஆராய்ந்த பொறியியலாளர்கள், ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை விநாடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்கி வரும் எண்ணை அளவுகோலாகக் கொள்கிறார்கள். ஆஸ்திரேலிய வெள்ள வழிகாட்டுதல்களில், நல்ல உடல்நிலையுள்ள பெரியவருக்கு அந்தப் பெருக்கற்பலன் 0.6 வரை ஆபத்துக் குறைவு என்றும், 0.8-ஐத் தாண்டினால் நிற்பது கடினம் என்றும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. நலிந்த முதியவர்களுக்கு இந்த எல்லைகள் பொருந்தா என்பதும் அங்கேயே சொல்லப்படுகிறது. அன்று காலை அவர் போனபோது நீர் 60 சென்டிமீட்டர் ஆழமும் விநாடிக்கு 0.8 மீட்டர் வேகமும் கொண்டிருந்ததாக வைத்துக்கொண்டால், பெருக்கற்பலன் 0.48. திரும்பியபோது ஆழம் 90 சென்டிமீட்டர், வேகம் 1.1 மீட்டர் என்று கொண்டால் அது 0.99. வேகத்தின் எண்கள் என் உத்தேசம். ஆழம், அவர் தம் உடலில் காட்டிய அளவைக் கொண்டு போட்டது.

இந்தக் கணக்கை அவருக்கே காகிதத்தில் போட்டுக் காட்டினேன், ஏனென்றால் ஒரு விஷயம் அதில் மட்டும்தான் தெளிவாகத் தெரிகிறது. நீர் ஒரு முழத்துக்கும் குறைவாகத்தான் ஏறியது. ஆனால் நீரின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வதாலும், நீருக்கு எதிரே நிற்கும் உடற்பரப்பு ஆழத்தோடு கூடுவதாலும், காலில் விழுந்த விசை ஏறக்குறைய மூன்று மடங்காகியிருக்கும். தோராயமாக ஆறரைக் கிலோ எடை தள்ளுவது போலிருந்தது, பதினெட்டுக் கிலோவாகிவிட்டது. கூடவே, இடுப்பளவு நீரில் நம் எடையில் பாதியளவை நீரே தாங்கிவிடுகிறது. தள்ளுவது மூன்று மடங்காகும் நேரத்தில் பாதத்துக்கும் கல்லுக்கும் இடையிலான பிடிமானம் குறைந்துபோகிறது. இருபது வயது இளைஞரையும் சாய்க்கத்தக்க நிலைமை அது. ஆகவே அவர் விழுந்ததற்கு முதுமை மட்டுமே காரணம் என்று முடிவுகட்டுவது பிழை.

உடலின் கணக்கு

மணிக்கட்டு கூடியபின் அவரை முழுமையாகப் பரிசோதித்தோம். முடிவுகள் ஒரே திசையில் இருக்கவில்லை. நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்வதை 30 விநாடிகளில் 13 முறை செய்தார்; 65 முதல் 69 வயது வரையிலான ஆண்கள் 12 முறைக்குக் குறைவாகச் செய்தால்தான் கால்வலு குறைந்ததாகக் கொள்வது வழக்கம். எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து அமரும் சோதனையை 10 விநாடிகளில் முடித்தார். 12 விநாடிகளோ அதற்கு மேலோ ஆனால்தான் விழும் வாய்ப்பு மிகுதி என்பார்கள். தறி மிதித்த கால்கள் அவரைக் கைவிடவில்லை. "பாத்தீங்களா, எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்று அவர் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருந்தது.

குறை வேறிடத்தில் இருந்தது. பதினான்கு ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு. உள்ளங்காலில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழையை வைத்துத் தொட்டபோது, இரு பாதங்களின் முன்பகுதியிலும் பல இடங்களில் அவர் எதையும் உணரவில்லை. பாதங்களைச் சேர்த்துவைத்துக் கண் திறந்து நின்றபோது அசையாமல் நின்றவர், கண்களை மூடச் சொன்னதும் தள்ளாடினார்; இருபுறமும் நின்று பிடிக்க வேண்டியிருந்தது. படுத்திருந்து எழுந்து நின்றபோது மேல் இரத்த அழுத்தம் 20 புள்ளிக்கு மேல் இறங்கியது. இரத்த அழுத்தத்துக்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் அவர் உட்கொள்ளும் மாத்திரைகள் இரண்டும் சேர்ந்து அதற்குக் காரணமாகலாம். இரு கண்களிலும் புரை தொடங்கியிருந்தது. அவர் அணிவது தூரத்துக்கும் வாசிப்புக்கும் சேர்த்த இருபார்வைக் கண்ணாடி. அதன் கீழ்ப்பகுதி வழியாகக் குனிந்து பார்க்கும்போது பாதத்தருகே உள்ள தரை மங்கித் தெரியும்.

இந்த நிகழ்வின் மையம் என்று நான் கருதுவது கண் மூடிய அந்தச் சோதனையைத்தான். மனிதர் நிமிர்ந்து நிற்க மூன்று வழிகளில் செய்தி வேண்டும்: கண், உட்காது, பாதமும் மூட்டுகளும் அனுப்பும் தொடுவுணர்வு. பாதத்தின் செய்தி குறைந்தால் கண் அதை ஈடுகட்டும். அதனால்தான் தெருவில் நடக்கும்போதும் மருத்துவமனைக் கூடத்தில் நடக்கும்போதும் அவருக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. புதுத்தண்ணீர் வந்த காவிரியில் பாதம் கண்ணுக்குத் தெரியாது. கண் காண்பதோ ஓடிக்கொண்டிருக்கும் நீர்ப்பரப்பு. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் நிற்கிறவருக்குத் தாமே பக்கவாட்டில் நகர்வதாகத் தோன்றும். ஆகக் கலங்கல் நீரில் இறங்கிய அந்தக் கணமே அவர் ஏறக்குறைய எங்கள் சோதனை அறையில் கண்ணை மூடி நின்ற நிலைக்குப் போய்விடுகிறார். இதை விளக்கியபோது அவர் நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அன்னிக்குக் கால் கல்லு மேல இருக்குதா தண்ணியில இருக்குதான்னே தெரியலீங்க" என்றார். அதுவரை யாரிடமும், மனைவியிடமும்கூட, அவர் அதைச் சொன்னதில்லை.

கலங்கல் நீரை ஏன் தனியாக எடுத்துச் சொல்கிறேன் என்றால், தெளிந்த நீரில் இதே மனிதரின் நிலை வேறு. வேனிலில், முழங்காலுக்குக் கீழே ஓடும் தெளிந்த நீரில், கண் தன் வேலையைச் செய்யும், கால்வலு போதும். முதுமை என்பது எல்லாத் திறன்களையும் ஒரே அளவில் இறக்கிவிடுவதில்லை. எது குறைந்தது, அந்தக் குறை எந்த நீரில் வெளிப்படும் என்று பார்க்காமல் வயதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது மருத்துவமாகாது.

அனுபவம் செய்த கேடு

அவர் துணிச்சலைக் காட்டுவதற்காக அந்தப் பாறைக்குப் போகவில்லை. அவருடைய மனத்தில் அது ஆபத்தான இடமே அன்று. ஐம்பது ஆண்டுகளாகப் போய்த் திரும்பிய இடம் என்பதால், ஒவ்வொரு முறை நலமாகத் திரும்பியதும் அந்த வழியின் பாதுகாப்புக்கு மேலும் ஒரு சான்றாக அவருக்குள் சேர்ந்துகொண்டே வந்தது. ஆனால் அந்தச் சான்றுகளில் பெரும்பகுதியைத் தேடித் தந்தது முப்பது வயதின் பாதங்கள். ஒரு பகுதியைத் தந்தது கதவணை இல்லாத ஆறு. உடலும் மாறி ஆறும் மாறிய பின், பழைய சான்றுகளை வைத்துப் புதிய முடிவை எடுத்துக்கொண்டிருந்தார். இளம் மீன்பிடிப்பாளர்களுக்கு அறியாமையால் வரும் ஆபத்து, முதியவர்களுக்குத் தேர்ச்சியாலேயே வந்துவிடுகிறது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இளைஞர் எச்சரித்தது சரியான நேரத்தில். அப்போதே இறங்கியிருந்தால் முழங்காலுக்கு மேல் சற்று உயர்ந்த நீரில் அவர் திரும்பியிருக்கலாம். மீன் இழுத்துக்கொண்டிருக்கும்போது எவரும் நல்ல முடிவு எடுப்பதில்லை. வயதும் படிப்பும் அதில் உதவுவதில்லை. எனவே திரும்பும் எல்லையை ஆற்றில் நின்று தீர்மானிக்கக் கூடாது, வீட்டிலேயே தீர்மானித்துவிட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தோம். மருமகன் குரல் கொடுத்தால் மாமன் தூண்டிலை அறுத்துவிட்டு இறங்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். உறவில் இளையவரின் சொல்லுக்கு ஆற்றில் மட்டும் மேலிடம் தருவது அந்தக் குடும்பத்துக்கு எளிதாக இருக்கவில்லை.

தடை செய்த வேலை

விபத்துக்குப் பின் மகனும் மகளும் சேர்ந்து தூண்டில்களையும் வீச்சுவலையையும் எடுத்து உறவினர் வீட்டில் வைத்துவிட்டார்கள். ஆற்றின் பக்கம் போகக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர்களுடைய அச்சத்தை நான் மதிக்கிறேன். வீட்டுத் தலைவரை ஈரத்துணியோடு தூக்கி வந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் நடந்தவை மருத்துவக் குறிப்பேட்டில் இருக்கின்றன. நாள்தோறும் ஆற்றங்கரையில் நடந்தவர் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிட்டார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏறியது. எழுந்து அமரும் சோதனையில் 13 என்ற எண்ணிக்கை 10 ஆகிவிட்டது. உறக்கம் கெட்டது, பேச்சுக் குறைந்தது. மகளே பின்னர் என்னிடம், "அப்பாவ ஆத்துல இருந்து காப்பாத்திட்டோம்ங்க, ஆனா அவர் முன்ன மாதிரி இல்லீங்க" என்றார்.

முதுமையில் நடமாட்டம் குறைந்தால் தசை விரைந்து கரைகிறது. தசை கரைந்தால் வீட்டுக்குள்ளேயே விழும் வாய்ப்புக் கூடுகிறது. ஆகவே முழுத் தடையை ஆபத்தில்லாத வழியாகக் கருதுவது சரியன்று. அது ஆற்றின் ஆபத்தை எடுத்துவிட்டு வேறோர் ஆபத்தை அதன் இடத்தில் வைக்கிறது. பின்னது மெதுவாக வருவதால் யாரும் அதைத் தடையின் கணக்கில் எழுதுவதில்லை.

அவர் எதைத் தேடிப் போனார்

இந்தக் கேள்வியை அவரிடம் கேட்க எனக்கு நேரம் பிடித்தது. கரையில் அமர்ந்து கெண்டையும் ஜிலேபியும் பிடிக்கலாமே என்று மகன் சொன்ன யோசனையை அவர் சட்டென்று ஒதுக்கிவிட்டார். "கரையில உக்காந்து தக்கையைப் பாத்துட்டிருக்கறதுக்குச் சின்னப் பசங்களே போதுமுங்க." அவருக்கு வேண்டியது வாளை. ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய, வாய் முழுக்கப் பல்லுள்ள, பிற மீன்களை வேட்டையாடி வாழும் மீன் அது. ஆற்றின் போக்கைப் படித்து அது நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது, அது இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுத்தும் வாங்கியும் அதைத் தளரவைப்பது, எல்லோரும் போகாத இடத்தில் நிற்பது ஆகிய மூன்றையும் அவர் சொன்னார். இந்த மூன்றில் எதற்கும் கலங்கல் நீரில் நடந்து போவது என்பது இன்றியமையாத பகுதி அன்று. பாறைக்குப் போகும் வழியாக மட்டுமே அது இருந்தது. சாகசம் மீனிடத்திலும் நீரைப் படிப்பதிலும் இருந்தது. உயிராபத்தின் பெரும்பகுதி வெறும் வழிநடையில் இருந்தது. இரண்டும் ஒரே காலையில் நடந்ததால் அவரும் குடும்பத்தினரும் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிட்டார்கள்.

எல்லோருக்கும் இப்படிப் பிரித்துவிட முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆபத்தின் விளிம்பில் நிற்பதையே விரும்புகிறவர்கள் உண்டு. அவர்களிடம் பேச வேண்டிய முறை வேறு. இவர் அந்த வகையினர் அல்லர். அதே போல, மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் ஆற்றோரக் கிராமங்களிலும் அறுபது வயதைத் தாண்டியும் பரிசலில் போய் வலை இழுப்பவர்களுக்கு இந்த ஆய்வு பொருந்தாது. அவர்களுக்குக் கலங்கல் நீரும் வேலைநாள்தான். அவர்களுக்கு வேண்டியது அறிவுரையைவிட முதலில் உயிர்காப்புக் கவச உடையும் முதுமைக்கால வருமானமும்.

பருவம் பற்றிய பேச்சில்தான் எதிர்பாராத இணக்கம் பிறந்தது. தம் உயிருக்கு ஆபத்து என்று எத்தனை முறை சொல்லியும் புதுத்தண்ணீர்க் காலத்தை விட்டுக்கொடுக்க மறுத்தவர், வாளை முட்டையிடும் காலமும் அதுவே என்ற பேச்சு வந்ததும் தயங்கினார். முட்டை நிறைந்த வயிற்றோடு மீன் அகப்பட்டதைப் பலமுறை பார்த்தவர் அவர். தம் இளமையில் கிடைத்த அளவும் எண்ணிக்கையும் இப்போது இல்லை என்பதையும் அவரே சொன்னார். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் வாளை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனமாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆடியிலும் ஆவணியிலும் வாளைக்குத் தூண்டில் போடுவதில்லை என்ற முடிவை எங்களில் யாரும் அவர்மேல் சுமத்தவில்லை, அவரே எடுத்தார். தமக்காக அஞ்ச மறுத்த மனிதர் மீனுக்காக ஒதுங்கிக்கொண்டதை நான் பலவீனமாகப் பார்க்கவில்லை. ஆற்றை அவ்வளவு காலம் நேசித்தவரிடமிருந்துதான் அப்படியொரு முடிவு வர முடியும்.

செய்துகொண்ட ஏற்பாடு

டெல்டா பாசனத்துக்கு மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. அணையின் இருப்பைப் பொறுத்துச் சில ஆண்டுகளில் இது மாறும். மூடியபின் குடிநீர்த் தேவைக்கான சிறிய அளவே ஆற்றில் வரும். நீர் தெளியும், பாறைகள் வெளிப்படும். எனவே பிப்ரவரி முதல் மே வரை, தாம் எப்போதும் ஏறும் பாறைக்கு அவர் நடந்தே போகலாம் என்று ஒப்புக்கொண்டோம். நீர் முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும், பாதம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஒருவர் கரையில் இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். இதிலும் ஆபத்து உண்டு. பாசிபிடித்த கல் வழுக்கும். மணல் அள்ளிய பழைய குழிகள் சில இடங்களில் திடீர் ஆழமாக நிற்கின்றன. அந்த எஞ்சிய ஆபத்தை அறிந்தே அவர் ஏற்கிறார், குடும்பத்தினரும் அறிந்தே ஏற்றார்கள். அதை முற்றிலும் நீக்க முயன்றிருந்தால் மறுபடி முழுத் தடைக்கே போயிருப்போம்.

ஜூன் முதல் ஜனவரி வரை நீரில் நடப்பது இல்லை. அந்த மாதங்களில் வெளியேற்றம் குறைவாக உள்ள நாள்களில், கதவணைக்கு மேலுள்ள தேக்கத்தில், கதவுகளிலிருந்து வெகுதூரம் விலகி, பழக்கமான பரிசல்காரருடன் பரிசலில் போகிறார். பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. எழுந்து நின்றாலோ ஓரத்தில் சாய்ந்தாலோ கவிழும். அதனால் நடுவில் தாழ்ந்து அமர்ந்து மீனை இழுக்கும் முறையை அவர் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. 67 வயதில் புதிதாக ஒன்றைக் கற்பதில் அவர் காட்டிய உற்சாகத்தைப் பார்த்தபோது, சாகசம் என்பதை நாங்கள் எவ்வளவு குறுகலாகப் புரிந்துகொண்டிருந்தோம் என்பது குடும்பத்தினர் அனைவருக்கும் விளங்கியது. கவச உடையை அணிய முதலில் மறுத்தார். முறிந்த கையோடு நீந்திய அந்த நிமிடங்களை நினைவூட்டியபின் அணிந்தார். கரையில் அமரும்போது அதை அணிய அவர் இன்றுவரை ஒப்பவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

மட்டத்துக்கு ஒரு குறி தேவைப்பட்டது. படித்துறையில் ஒரு படியைத் தேர்ந்து, அது மூழ்கியிருந்தால் ஆற்றுப் பக்கமே போவதில்லை என்று வைத்தார்கள். அங்கே இருக்கும்போது நீர் அடுத்த படியைத் தொட்டால் உடனே கிளம்ப வேண்டும். நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் வரும் மேட்டூர் வெளியேற்ற அளவை மனைவி காலையில் பார்த்துச் சொல்கிறார்; முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் அன்று பயணம் இல்லை. உடலுக்கான மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: புராஸ்டேட் மாத்திரை இரவுக்கு மாற்றப்பட்டது, இரத்த அழுத்த மருந்தின் அளவு குறைக்கப்பட்டது, நடப்பதற்கென்று தூரப்பார்வை மட்டும் உள்ள தனிக் கண்ணாடி எழுதிக் கொடுக்கப்பட்டது. வெறுங்காலே கல்லைப் பற்றும் என்ற அவருடைய நம்பிக்கை உணர்விழந்த பாதத்துக்குப் பொருந்தாது என்பதால், விரல்களை மூடும் ரப்பர்க் காலணி போடுகிறார். இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் உதவ, சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கிறது. வெறும் வயிற்றில் விடியலுக்கு முன் கிளம்பும் பழக்கத்தை விட்டுவிட்டார், இதுவே அவருக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

ஓராண்டுக்குப் பின்

எழுந்து அமரும் எண்ணிக்கை 12-க்குத் திரும்பியிருக்கிறது. சர்க்கரை இறங்கியிருக்கிறது. பாத உணர்வு திரும்பவில்லை. திரும்பும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. நின்றவுடன் இரத்த அழுத்தம் இறங்குவது முன்பைவிடக் குறைவு. கடந்த வேனிலில் அவர் தம் பாறைக்குப் பலமுறை போய் வந்தார்; ஒரு நாள் நீர் மட்டம் குறியைத் தொட்டபோது, மருமகன் அழைக்குமுன்பே தாமே இறங்கி வந்ததாக இருவரும் சொன்னார்கள்.

தீராத கருத்து வேறுபாடு ஒன்று இருக்கிறது. வேனில் இரவுகளில் பரிசலில் போக அவர் விரும்புகிறார்; வாளை இரவில் இரைதேடும் என்பதால் அந்த விருப்பத்தில் மீன்பிடிப்பாளரின் நியாயம் உண்டு. மனைவி முற்றிலும் எதிர்க்கிறார். இருளில் கண் ஈடுகட்ட முடியாது என்பதால் என் கருத்தும் மனைவியின் பக்கமே. ஆனால் பரிசலில் அமர்ந்திருப்பவருக்குப் பாதத்தின் வேலை மிகக் குறைவு, ஏறி இறங்கும் இடத்தில் மட்டுமே வெளிச்சமும் கைத்தாங்கலும் தேவை என்று அவர் முன்வைக்கும் வாதம், நான் அவருக்கு விளக்கிய அதே தர்க்கத்தில் எழுந்தது. அதை எளிதாக மறுக்க முடியவில்லை. வலது கண் புரைக்கு அறுவைசிகிச்சை கார்த்திகையில் நடக்க இருக்கிறது. பார்வை நிலைபெற்றதும் கண் மூடி நிற்கும் சோதனை உள்ளிட்ட அனைத்தையும் மறுபடி செய்துவிட்டு, பிப்ரவரியில் ஆறு வடிவதற்குள் கணவன், மனைவி, மருமகன், பரிசல்காரர் ஆகிய நால்வரையும் ஒன்றாக அமர்த்தி இதைப் பேசி முடிவெடுப்பதாக இருக்கிறோம்.